மல்லிப்பூ வாசத்தோட ஒரு வைன்: அர்ஜென்டினா தொரோந்தேஸ்

அர்ஜென்டினான்னாலே எல்லாரும் மால்பெக் ரெட் வைனத்தான் சொல்வாங்க, ஆனா சால்டா மாகாணத்துல கஃபயாத்தே ஊர்ல தொரோந்தேஸ் குடிச்சப்பறம் எனக்கு இந்த வொயிட் வைன்தான். ஊரே கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு, பகல்ல வெயில் கொளுத்தும், ராத்திரி குளிர் நடுக்கும், அதனாலதான் திராட்சையில வாசமும் புளிப்பும் சேர்ந்தே நிக்குது. கிளாஸ மூக்குகிட்ட கொண்டுபோனா மல்லிப்பூ, ரோஜா, பீச்னு வாசம் தூக்குது, இனிக்கும்னு நினைச்சு வாயில வச்சா சுத்தமா டிரை, கடைசில லேசா ஒரு கசப்பு. மஸ்கட்ங்கிற வாசனை திராட்சை வகை வழி வந்தது இது, அந்த வாசம் அங்கேருந்துதான்.

கூட சாப்பிட சால்டா எம்பனாடா, அதாவது மாவுக்குள்ள பூரணம் வச்சு மூடுன பண்டம், கண்ண மூடிட்டு சொல்வேன். கத்தியால பொடியா நறுக்குன மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, சீரகம், கடிச்ச உடனே சாறு மணிக்கட்டு வரைக்கும் வழியும், அப்ப ஜில்லுனு ஒரு வாய், அடடா! சோளத்த அரைச்சு அதோட மடல்லயே சுத்தி வேக வைக்கிற உமிதாவும் ஆட்டுப்பால் சீஸும் நல்லா சேரும். ஸ்டேக்குக்கு வேணாம், வைன் அடிபட்டுப் போகும்.

8–10 டிகிரில குடிங்க, அதுக்கு மேல ஜில்லாக்குனா வாசமே வராது. ஒரு கடையில பழைய பாட்டில தள்ளிவிட்டுட்டாங்க, பூ வாசம் துளிகூட இல்ல, மனசே கஷ்டமாயிடுச்சு, லேபிள்ல வருஷம் பாத்து புதுசா வாங்குங்க.