கியர்பாக்ஸ் இழப்பைக் கூட்டிக் காட்டி விற்கப்பட்ட 30 குதிரைத்திறன்

எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டித் தருவதாகச் சொன்ன ஒரு ட்யூனிங் நிலையத்தில் காரை விட்டு, கையில் ஓர் அச்சிட்ட தாளுடன் திரும்பினேன். வேலைக்கு முன் 150.6 குதிரைத்திறன், வேலைக்குப் பின் 181 என்றது அந்தத் தாள். ஓட்டிப் பார்த்தபோது அத்தனை வேறுபாடு தெரியவில்லை. என் கால்தான் சரியில்லையோ என்று சில வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த எண்கள் டைனோவிலிருந்து, அதாவது காரின் சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவியிலிருந்து வருகின்றன. டைனோ உருளை அளப்பது சக்கரத்தில் வந்து சேரும் திறனை மட்டுமே. கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், அச்சுத்தண்டு, டயர் ஆகியவற்றில் உராய்வாகவும் எண்ணெயைக் கடைவதாகவும் வீணாவது எவ்வளவு என்று ஊகித்து அதைச் சேர்த்த பிறகே 'எஞ்சின் திறன்' என்ற எண் பிறக்கிறது. முன்சக்கர இயக்கமும் கை கியரும் உள்ள என் கார் போன்றவற்றுக்குப் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் என்று கொள்வது வழக்கம். அது கைக்கணக்கே தவிர, அளந்த உண்மை அன்று. ஆகவே அந்தச் சதவீதத்தை யார், எங்கே, எதற்காக எழுதினார்கள் என்பதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கேட்கவில்லை.

பலமுறை வற்புறுத்திய பின் டைனோ அளவீட்டின் மூலக் கோப்பைத் தந்தார்கள். முதல் ஓட்டத்தில் சக்கரத்தில் 128, இழப்பு 15 சதவீதம்; 128-ஐ 0.85-ஆல் வகுத்தால் 150.6 வருகிறது. இரண்டாம் ஓட்டத்தில் சக்கரத்தில் 141, இழப்பு 22 சதவீதம், 141-ஐ 0.78-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 181. அதே கார், அதே கியர்பாக்ஸ், அதே எண்ணெய். மாறியது, ஒருவர் விசைப்பலகையில் தட்டிய எண் மட்டுமே.

"திறன் கூடினால் இழப்பும் கூடும்" என்று விளக்கம் சொன்னார்கள். பாதி உண்மை என்பதால் இது கேட்பவரை எளிதில் வாயடைக்கச் செய்யும். பல்சக்கரங்களில் ஏறும் சுமையைப் பொறுத்து ஒரு பகுதி இழப்பு கூடுவது உண்மைதான். ஆனால் எண்ணெயைக் கடைவதிலும் தாங்கிகளிலும் போகும் இழப்பு பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்ததே தவிர எஞ்சின் தரும் திறனைப் பொறுத்தது அன்று என்பதால், அதே வேகத்தில் திறன் கூடும்போது மொத்த இழப்பின் சதவீதம் சற்றுக் குறைய வேண்டுமே ஒழிய 15-இலிருந்து 22-க்குத் தாவ வழியில்லை. அவர்கள் தாளின்படியே பார்த்தால், முன்பு சுமார் 23 குதிரைத்திறன் வீணானது, பின்பு சுமார் 40. கூடுதலான 17 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 13 கிலோவாட். ஒரு கிலோவாட் அறை வெப்பமூட்டிகள் பத்துக்கு மேற்பட்டவற்றின் சூட்டை என் கியர்பாக்ஸ் புதிதாகத் தாங்கிக்கொண்டு, எதுவும் நடவாதது போல் ஓடுகிறது என்று நான் நம்ப வேண்டுமாம்.

சக்கரத்தில் கூடிய 13 குதிரைத்திறனாவது மெய்யா என்று பார்த்தால், அதிலும் ஓட்டை. காற்றின் வெப்பமும் அழுத்தமும் எஞ்சின் திறனை மாற்றும் என்பதால், அளந்த எண்ணை ஒரு பொதுவான காற்று நிலைக்குத் திருத்துவது வழக்கம். முதல் ஓட்டத்தின் அளவு எஸ்ஏஇ ஜே1349 என்ற திருத்த முறைப்படி 25 டிகிரி வெப்பத்துக்குத் திருத்தப்பட்டிருந்தது; இரண்டாவது, குளிர்ந்த, அடர்ந்த காற்றை அடிப்படையாகக் கொண்ட பழைய 'எஸ்டிடி' முறைப்படி. இந்த மாற்றம் மட்டுமே எண்ணைச் சுமார் 4 சதவீதம் உயர்த்தும். 141-ஐ முதல் முறைக்கு மாற்றினால் 135.6. போதாததற்கு, முதல் ஓட்டம் மூன்றாம் கியரில், அடுத்தது நான்காம் கியரில். கனமான உருளையை முடுக்கித் திறனைக் கணக்கிடும் வகை டைனோவில், தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழலேறுவதால் எஞ்சினின் சொந்தச் சுழல்பாகங்களை முடுக்கவே அதிகத் திறன் செலவாகி, சக்கரத்தில் எண் குறைவாகத் தெரியும். 'முன்' என்ற எண்ணைத் தாழ்த்துவதற்கு இதைவிடச் சத்தமில்லாத வழி கிடையாது.

ஒரே கியரில், ஒரே டயர் காற்றழுத்தத்தில், ஒரே திருத்த முறையில் மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னேன். உருளை பழுதில் இருப்பதாகப் பதில் வந்தது. வேறொரு டைனோவில் ஓட்டி வரும் எண்ணைப் பழைய தாளோடு ஒப்பிடுவதும் பயன் தராது, ஏனெனில் இரண்டு டைனோக்கள் ஒரே காருக்கு ஒரே எண்ணைக் காட்டுவது அரிது. நல்வேளையாகப் பழைய மென்பொருளின் பிரதியை முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வேறோர் இடத்தில் ஒரே நாளில், காரை உருளைமேல் கட்டிய வாரை அவிழ்க்காமல், இரண்டு மென்பொருள்களையும் மாற்றி மாற்றி ஏற்றி மூன்று மூன்று முறை ஓட்டினோம். இழப்புச் சதவீதம் எதையும் சேர்க்க வேண்டாம், சக்கரத்தின் எண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சராசரிகளுக்கும் இடையே வந்த வேறுபாடு 3 குதிரைத்திறன். பழைய மென்பொருளின் மூன்று ஓட்டங்களே தமக்குள் 2 வேறுபட்டிருந்தன.