பால்வீதியை வரைய: விண்மீன் ஒளியா, ரேடியோ அலையா?

நம் சூரியன் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வீதி ஒரு தட்டு வடிவில் இருக்கிறது. அதை வெளியே நின்று படம் பிடிக்க வழியில்லை. தட்டுக்குள் இருந்துகொண்டே தட்டின் வடிவத்தை வரைய வேண்டும். ஒன்று, விண்மீன்களின் தொலைவை அளக்கலாம். இல்லையென்றால் ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலையைப் பிடிக்கலாம். எனக்கு வாயுவின் மேல்தான் பிரியம். தட்டு வடிவத்தை உண்டாக்கியதே அதுதான்.

சுழன்றபடி சுருங்கும் வாயு மேகத்தில், மேலிருந்தும் கீழிருந்தும் வரும் வாயு நடுவில் மோதிச் சூடாகும். அந்தச் சூடு கதிர்வீச்சாக வெளியேறிவிடுவதால் மேல்கீழ் ஓட்டம் அடங்கிப்போகும். சுழற்சியை அப்படிக் கழற்றிவிட முடியாது. அதனால் பக்கவாட்டில் சுருங்குவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும், சுழல் அச்சின் போக்கில் அமுங்குவது நிற்காது. மிஞ்சுவது தட்டு. கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் பொருள்) இப்படி மோதுவதும் இல்லை, ஒளி விட்டுக் குளிர்வதும் இல்லை. அது இன்றும் ஏறக்குறைய உருண்டையாகவே தட்டைச் சூழ்ந்திருக்கிறது.

சரி, அளப்பதற்கு வருவோம். 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் 2025 ஜனவரி வரை ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களை அளந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரிவதை வைத்து நேரடியாகத் தொலைவு கிடைக்கிறது. வேறு ஊகம் எதுவும் வேண்டாம். சூரியனின் சுற்றுவட்டாரத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தட்டின் நடுத்தளத்தில் இருக்கும் தூசு ஒளியை மறைத்துவிடுகிறது. மையத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கையாவிடம் கேட்டுப் பயனில்லை.

ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலைக்குத் தூசு ஒரு பொருட்டே இல்லை. இந்த அலை இருக்கும் என்று 1944-ல் டச்சு வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் கணித்தார், 1951-ல் அமெரிக்க இயற்பியலாளர்கள் யூவெனும் பர்செலும் அதைப் பிடித்தார்கள். இதில் கிடைப்பது வாயுவின் வேகம் மட்டும். தொலைவை வேகத்திலிருந்து ஊகிக்க வேண்டும். அதிலும் சூரியனின் பாதைக்கு உட்புறம் ஒரே வேகம் அருகில் ஓர் இடத்துக்கும் தொலைவில் ஓர் இடத்துக்கும் பொருந்தும். அப்படியிருக்க, தட்டில் சுருண்டு செல்லும் சுழல் கரத்தை எங்கே வரைவது?

இங்கே கைகொடுப்பது மேசர். இளம் விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் நீர், மெத்தனால் மூலக்கூறுகள் விடும் கூர்மையான ரேடியோ ஒளி அது. ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, கையா செய்த அதே இடமாற்ற அளவீட்டைத் தூசுக்கு அப்பாலும் செய்யலாம். 2017-ல் மையத்தைத் தாண்டி, சுமார் 66,000 ஒளியாண்டு தொலைவில் ஓர் இடத்தை இப்படி அளந்தார்கள். கரங்களுக்கு நான் நம்புவது இதைத்தான். என்ன, மேசர் புள்ளிகள் குறைவு. இடைவெளியை நிரப்ப 21 செ.மீ. அலைதான் வேண்டும்.

அப்புறம், தட்டு முழுக்கத் தட்டை இல்லை. விளிம்பு ஒருபுறம் மேலேயும் மறுபுறம் கீழேயும் வளைந்திருப்பதை வாயு 1957-லேயே காட்டிவிட்டது. ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களைக் கொண்டு 2019-ல் வரைந்த முப்பரிமாண வரைபடத்திலும் அதே வளைவு இருந்தது.