மைனஸ் வோல்ட் எடுக்கும் மூன்று வழிகள்: சூடு எங்கே தேங்குகிறது?

சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்பு சிப்புக்கு மைனஸ் வோல்ட் தேவைப்படும்போது திறன் சதவீதத்தை மட்டும் பார்த்துச் சுற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். சூடு எந்த இடத்தில் தேங்குகிறது, அங்கிருந்து வெளியேற வழி உண்டா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வழி சார்ஜ் பம்ப்: மின்தேக்கியை நிரப்பி, தலைகீழாக இணைத்து மைனஸ் வோல்ட் எடுக்கும் ஐசிஎல்7660 போன்ற சிப்புக்குச் சுருள் தேவையில்லை. 5 வோல்ட் உள்ளீட்டில் அதன் வெளியீட்டுத் தடை ஏறத்தாழ 55 ஓம் என்பதால், 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1.1 வோல்ட் சரிந்து மைனஸ் 3.9 வோல்ட்தான் கிடைக்கும். அந்தத் தடையில் சூடாகப் போவதோ வெறும் 22 மில்லி வாட். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். ஆயினும் கை சுடும் முன்பே மின்னழுத்தம் படுத்துவிடும்.

இரண்டாவது வழியில், சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை வேகமாக வெட்டி ஒட்டும் எம்சி34063 சிப்பைக் கொண்டு 5 வோல்ட்டிலிருந்து மைனஸ் 12 வோல்ட் எடுத்தால் கதை வேறு. இழப்புகளைச் சேர்க்காமலே, சுருளில் ஓடும் சராசரி மின்னோட்டம் வெளியீட்டைப் போல 3.4 மடங்கு, உள்ளிருக்கும் டார்லிங்டன் (இரண்டு டிரான்சிஸ்டர்களைச் சேர்த்த) சுவிட்சோ அந்த 5 வோல்ட்டில் ஏறத்தாழ ஒரு வோல்ட்டைத் தானே விழுங்கிவிடுகிறது. திறன் 62 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 100 மில்லி ஆம்பியரில் 1.2 வாட் பெறுவதற்கு 0.7 வாட்டுக்கு மேல் வீணாகும். அதில் அரை வாட் சிப்பிலேயே தங்கினால், துளைகளில் செருகும் டிப் உறையில் அது சுற்றுப்புறத்தைவிட 50 டிகிரியும், போர்டின் மேலேயே பற்றவைக்கும் சிறிய எஸ்ஓ உறையில் 80 டிகிரியும் கூடுதலாகச் சுடும்.

இதே வழியில், எல்எம்2596 போன்ற பக் (மின்னழுத்தத்தைக் குறைக்கும்) சிப்பைத் திருப்பிப் போட்டு, அதாவது அதன் வெளியீட்டைக் கிரவுண்டாக்கி, 12 வோல்ட்டிலிருந்து மைனஸ் 12 வோல்ட் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. சிப்பின் கிரவுண்டு முனையும் அதோடு இணைந்த உலோக முதுகும் இப்போது மைனஸ் 12 வோல்ட்டில் நிற்பதால், போர்டின் மிகப் பெரிய செப்புப் பரப்பான கிரவுண்டில் சூட்டை இறக்க முடியாது. மைனஸ் தடத்துக்கெனத் தனியே செப்பு ஒதுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் முதுகைக் கிரவுண்டோடு சேர்த்தால் வெளியீடே ஷார்ட்.

மூன்றாவது வழி, மின்தேக்கி வழியே ஆற்றலைக் கடத்தி மைனஸ் வோல்ட் தரும் சூக் சுற்று. அதில் சுவிட்சு உள்ளீடு, வெளியீடு இரண்டின் மின்னோட்டத்தையும் சேர்த்தே சுமப்பதால் சுவிட்சின் சூடு குறைந்துவிடாது; இரண்டு சுருள்களும், இணைப்பு மின்தேக்கியும் வேறு இடம் கேட்கும். ஆனால் சுவிட்சு கிரவுண்டுப் பக்கம் அமைவதால், சிப்பின் அடிப்பட்டையைத் துளைகள் வழியே நேராகக் கிரவுண்டுச் செப்பில் தைத்துவிடலாம். சில நூறு மில்லி ஆம்பியர் தேவைப்படும் நெருக்கமான போர்டில் இந்த ஒரு வசதிக்காகவே நான் சூக் பக்கம் சாய்வேன்.