பழைய ஃபோர்டு டீசல்: நெல்லைச் சீமையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 2015க்குப் பிறகு வந்த ஃபிகோ, ஆஸ்பையர், எக்கோஸ்போர்ட், ஃப்ரீஸ்டைல் இவற்றில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள வண்டி நல்லபடியாகக் கிடைத்தால் வாங்கலாம். அதே பெயர்களில் வந்த இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி என்றால், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பதற்கு ரசீது இருந்தால் மட்டும் பேசுங்கள்.

வண்ணார்பேட்டையிலோ தென்காசியிலோ பழைய வண்டி பார்க்கப் போனால், அதே வயது, அதே கிலோமீட்டர் ஓடிய மாருதி, ஹூண்டாய் வண்டிகளைவிட ஃபோர்டின் விலை இறங்கி நிற்பது தெரியும். வண்டி மட்டம் என்பதால் வந்த இறக்கம் இல்லை இது. கம்பெனி கடையைக் கட்டியதால் வந்த பயம். அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு மிகை என்று தெரிய வேண்டுமானால் ஃபோர்டு இந்தியாவின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபோர்டு முதலில் 1926இலேயே, கனடா ஃபோர்டின் கிளையாக இங்கே வந்து, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய 1950களில் கிளம்பிவிட்டது. மறுபடி 1995இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து, செங்கல்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் ஆலை போட்டது. 1996இல் எஸ்கார்ட். 1998இல் ஃபோர்டு தன் பங்கைக் கூட்டிக்கொண்டு நிறுவனத்துக்கு ஃபோர்டு இந்தியா என்று பெயர் வைத்தது. 1999இல் இந்தியச் சாலைக்கென்றே செய்த ஐகான், 2005இல் ஃபியஸ்டா, 2010 மார்ச்சில் ஃபிகோ, 2013இல் எக்கோஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. ஃபிகோவும் எக்கோஸ்போர்ட்டும் ஓடிய ஓட்டத்தை நம்பி, 100 கோடி டாலர் போட்டு குஜராத்தின் சனந்தில் இரண்டாவது ஆலையை 2015இல் திறந்தார்கள். சறுக்கல் அங்கேதான். இரண்டு ஆலையிலும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம் வண்டி செய்யலாம். விற்பனை அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு மாடல் விழுந்தால் தாங்கிப் பிடிக்க இன்னொரு மாடல் கிடையாது. மஹிந்திராவோடு 2019இல் பேசிய புதுக் கூட்டும் 2020 கடைசி நாளில் முறிந்தது. பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கணக்குச் சொல்லி, 2021 செப்டம்பர் 9 அன்று உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். சனந்த் ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023 ஜனவரியில் கைக்கொண்டது. மறைமலை நகர் ஆலை ஃபோர்டின் கையிலேயே இருக்கிறது. அங்கே 3,250 கோடி ரூபாயில் புதுத் தலைமுறை எஞ்சின் செய்யும் திட்டத்துக்கு 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள், உற்பத்தி 2029இல். அந்தச் செய்தியைக் காட்டி, “ஃபோர்டு திரும்ப வருது அண்ணாச்சி, இனி வெலை ஏறும்” என்று யாராவது விலையை ஏற்றினால் காது கொடுக்க வேண்டாம். அந்தத் திட்டத்துக்கும் நீங்கள் பார்க்கிற பழைய ஃபிகோவுக்கும் தொடர்பு கிடையாது.

வாங்குகிறவருக்கு இந்தக் கதையில் பயன்படும் செய்தி ஒன்றுதான். மாடல்கள் கொஞ்சம் என்பதால், ஒரே டீசல் எஞ்சினை நாலு வண்டியில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். ஆகவே எஞ்சின் சாமானுக்குச் சந்தையில் பஞ்சமில்லை. பாடி சாமான் கதை வேறு, பின்னால் வருகிறது.

அந்த 1.5 டிடிசிஐ எஞ்சின் 1,498 சிசி, எட்டு வால்வு, 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). (பழைய எக்கோஸ்போர்ட்டில் கொஞ்சம் குறைவு.) ஃபிகோ மாதிரி ஆயிரத்துச் சொச்சம் கிலோ வண்டிக்கு இது தாராளம். 1,800 ஆர்பிஎம் வரை சோம்பல், அதற்கு மேல் ஒரே இழுப்பு. நாலுவழிச்சாலையில் காவல்கிணறு வரைக்கும் ஐந்தாம் கியரிலேயே அலுங்காமல் போகும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும்போது டர்போ விழிக்கும்வரை காத்திராமல் முதல், இரண்டாம் கியரில் வைத்திருந்தால் போதும். பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடி மாதப் பக்கக்காற்றில் ஃபிகோவும் ஆஸ்பையரும் நிலையாக நிற்கும். உயரமான எக்கோஸ்போர்ட்டில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். ஏசி போட்டு 80, 90 வேகத்தில் போனால் லிட்டருக்கு 20ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். பழைய விளம்பரத்தில் இருக்கும் 25.83 சோதனைக்கூடக் கணக்கு.

இந்த எஞ்சின் கெடுவது மூன்று இடத்தில்.

முதலாவது டைமிங் பெல்ட். செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட்டே போய்விடும். ஒரு லட்சம் கிலோமீட்டரோ எட்டு வருடமோ தாண்டிய வண்டியில், மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. டென்ஷனர், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்து மாற்ற வேண்டும். வாட்டர் பம்பைச் சுற்றுவதே இந்தப் பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும். மாற்றும்போது கிராங்க், கேம் இரண்டையும் லாக் பின் போட்டு நிறுத்துகிற மெக்கானிக்கிடம் விடுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு மாற்றுகிறவரிடம் வேண்டாம்.

இரண்டாவது இன்ஜெக்டர் வாஷர். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செம்பு வாஷர் உண்டு. அது பிடிமானம் இழந்தால் எரிந்த புகை மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கருப்பாக உறையும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் “சுக்... சுக்...” என்று காற்று வெளியேறும் சத்தமும், வண்டிக்குள் டீசல் புகை நாற்றமும் வந்தால் அதுதான். ஆரம்பத்திலேயே பார்த்தால் வாஷர் மாற்றி உட்காருமிடத்தைச் சுத்தம் செய்வதோடு முடியும். விட்டுவிட்டால் கசடு ஆயிலில் கலந்து டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயை அடைக்கும். ஆயில் கிடைக்காத டர்போ சீக்கிரம் போகும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: குழாயையும் சம்ப்பையும் (எஞ்சினின் அடி ஆயில் தொட்டி) சுத்தம் செய்யாமல் புது டர்போ போட்டால் அதுவும் போகும்.

மூன்றாவது கிளட்ச். கிளட்ச்சைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே, தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அது கசிந்தால் பெடல் தொய்ந்துபோகும், பிரேக் ஆயில் அளவு குறையும். அதை எடுக்கக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் கிளட்ச் பிளேட் மாற்றும் எந்த நேரத்திலும் அந்தச் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழசு நல்லாத்தானே இருக்கிறது என்று திரும்பப் போட்டால் கூலி இரண்டு முறை.

ஆயில் 5 டபிள்யூ-30, ஃபோர்டின் 913-டி தரக்குறி உள்ளது. ஃபில்டரோடு நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கம்பெனி சொன்னது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். ஊருக்குள்ளேயே, டவுனுக்கும் பாளைக்குமாக ஓடுகிற வண்டிக்கு 7,500இல் மாற்றுவது டர்போவுக்கு நல்லது. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். ஃபிகோ, ஆஸ்பையரின் 1.5 பெட்ரோலிலும் 2017வரை வந்த எக்கோஸ்போர்ட்டின் 1.5 பெட்ரோலிலும் இருந்த ஆறு கியர் பவர்ஷிஃப்ட் இது. ஓட்டிப் பார்க்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். ஜங்ஷன் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகிற மாதிரி ஓட்டத்தில் சூடேறி நடுங்கும். கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் போகும். இதை முறையாகக் கழற்றி, கிளட்ச்சைப் பழக்கி மாட்டத் தெரிந்த கை நம் பக்கம் அரிது. 2017 நவம்பருக்குப் பிறகு எக்கோஸ்போர்ட்டில் வந்தது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது உலர் கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் வகை. அதில் இந்தத் தொல்லை கிடையாது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவர் அதைத் தேடலாம்.

1.0 எக்கோபூஸ்ட், 2017க்குப் பிறகு வந்த 1.5 டிராகன், இந்த மூன்று சிலிண்டர் பெட்ரோல்களில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி சுற்றுகிறது. கம்பெனி சொன்ன ஆயில் (5 டபிள்யூ-20) மட்டுமே ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த கெட்டி ஆயிலை ஊற்றினால் பெல்ட் ஊறிப் பிசிறும். பிசிறு ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும், எஞ்சின் இறுகும். ரசீது கேட்கச் சொன்னது அதற்காகத்தான். 2015 முதல் 2018 வரை ஃபிகோவில் இருந்த நாலு சிலிண்டர் 1.2 பெட்ரோல் (88 குதிரைத்திறன்) இந்தத் தலைவலி இல்லாதது. மாதம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசலைவிட அதுவே பொருத்தம்.

2010 ஃபிகோவைப் பற்றிச் சுருக்கமாக: 69 குதிரைத்திறன் 1.4 டீசல், உழைப்பாளி வண்டி, ஹைட்ராலிக் ஸ்டியரிங் இன்றைக்கும் இனிமை. ஆனால் முதல் வண்டிகளுக்கு 15 ஆண்டு முடிந்துவிட்டது. படிவம் 25 கொடுத்து, எஃப்.சி. காட்டி, ஐந்தாண்டுக்கு மறுபதிவு செய்ய வேண்டும். பவர் ஸ்டியரிங் குழாய்க்கும் பின் ஆக்ஸிலுக்கும் 2013இல் ஃபிகோ, கிளாசிக் சேர்த்து 1,66,021 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் குழாய் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஃபிகோ நட்சத்திரம் ஒன்றும் வாங்கவில்லை. 2017இல் ஆஸ்பையர் மூன்று வாங்கியது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். புது ஃபிகோவில் டைட்டானியம் பிளஸ் என்ற உயர்ரகம் கிடைத்தால் ஆறு ஏர்பேக்.

நம் பக்கத்து வண்டிகளில் மட்டும் பார்க்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. முதலில் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறி வந்தது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தெருவில் நின்ற வண்டிகள் நனைந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிநுனியில் சேற்றுக்கறை இருக்கிறதா பாருங்கள். மிதியடிக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி முகருங்கள். முன்சீட்டின் இரும்புத் தண்டவாளம், ஸ்டெப்னிக் குழி, டேஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் கனெக்டர்கள், இவற்றில் துருவோ பச்சை பூத்ததோ தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எஞ்சினைச் சரிசெய்யலாம், வயரிங்கில் புகுந்த ஈரம் வருடம் கழித்தும் தொல்லை தரும்.

இரண்டாவது உப்பு. உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் கரையோரம் நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி, பின் ஆக்ஸில், பிரேக் பைப் பாருங்கள். எக்கோஸ்போர்ட்டின் பின்கதவு ஸ்டெப்னியைச் சுமந்தபடி பக்கவாட்டில் திறப்பது. கீலில் துருவும் தொய்வும் சோதியுங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் கூலன்ட் டப்பாவின் உள்சுவரில் வெள்ளையாகவோ செம்மண் நிறத்திலோ படிந்திருக்கும். அந்த பிளாஸ்டிக் டப்பாவும் தெர்மோஸ்டாட் கூடும் வயதானால் விரிசல் விடும். கூலன்ட் கலந்த வாலை வடிநீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றக் கூடாது.

சாமான் நிலவரம்: ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட் கிட், கிளட்ச், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு எல்லாம் வேறு கம்பெனிகளும் செய்வதால் சிரமமில்லை. பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, கதவு, டெயில்கேட் இவற்றுக்குத்தான் காத்திருப்பு. உடைந்தால் பழைய வண்டி உடைக்கும் இடங்களில் தேட வேண்டி வரும். அதனால் பாடியில் அடிபட்ட வண்டியை, “பெயின்ட் அடிச்சாச் சரியாப் போகும்” என்ற பேச்சுக்கு வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸை முழுதாகப் போட்டு வையுங்கள். சாதாரண ஸ்கேனர் எஞ்சின் பிழையை மட்டும் படிக்கும். ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளும் அதற்கேற்ற சிறு கருவியும் இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் பெட்டி வரை படிக்கலாம். அது வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போங்கள்.

வண்டி பார்க்கக் காலையில், சொல்லாமல் போவது நல்லது. பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள், ஆற விட்டுத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். இரண்டு சாவியும் கேளுங்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் குறிப்பு இருந்தால் படிவம் 35ஓடு வங்கியின் தடையின்மைச் சான்றும், பெயர் மாற்ற 29, 30 படிவங்களும் கையில் வந்த பிறகே மீதிப் பணம். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 (பதிவு செய்த ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று) வேண்டும்; இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வாங்குகிற விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் மாதத்திலேயே பெல்ட் கிட், வாட்டர் பம்ப், ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றி, மாற்றிய கிலோமீட்டரை ஒரு சீட்டில் எழுதி பானட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள்.