குடி, பதட்டம் ரெண்டையும் ஒண்ணா பாக்குற பெரம்பூர் கிளினிக் - 4 ஸ்டார்

அண்ணனுக்காக இங்க வர ஆரம்பிச்சோம், இன்னும் வந்துட்டு தான் இருக்கோம். குடிய நிறுத்த சென்னைல இடத்துக்கு பஞ்சமில்ல, டிப்ரஷனுக்கும் டாக்டருங்க இருக்காங்க, ஆனா ரெண்டும் சேந்து இருக்குறவன பந்து மாதிரி தட்டி விடுவாங்க, "மொதல்ல குடிய விட்டுட்டு வாங்க"ன்னு ஒருத்தர், "மனசு சரியானா குடி தானா போயிடும்"னு இன்னொருத்தர். சிட்டிக்கு வெளிய ஒரு ஹோம்ல சேத்தோம், பேர் வேணாம், அங்க டாக்டரே கிடையாது, அவன் போட்டுட்டு இருந்த மாத்திரைய "இதுவும் போதை தான்"னு சொல்லி பிடுங்கி வச்சிட்டாங்க.

இங்க டாக்டர் மேடம் மொத நாளே ஒரு வெள்ளத்தாள்ல நீளமா கோடு போட்டு, மேல குடி, கீழ மனசுன்னு பிரிச்சு அவன் வயச எழுதிட்டே வந்தாங்க. 29சி பஸ் கூட்டத்துல மூச்சு முட்டி பாதில எறங்குனது காலேஜ் படிக்கும்போது, குவார்ட்டர் போட்டா அது அடங்குதுன்னு புரிஞ்சது வேலைக்கு போன அப்புறம். எது மொதல்ல வந்துச்சுங்கறது முக்கியமாம். குடியால வந்த டிப்ரஷன் நிறைய பேருக்கு விட்டு ஒரு மாசத்துக்குள்ளயே நல்லா கொறஞ்சிடும், குடிக்கு முன்னாடியே இருந்த பதட்டம் அப்படி போகாது, அதுக்கு தனியா பாக்கணும். குடி எறங்கும்போது வர்ற நடுக்கமும் வேர்வையும் அச்சு அசல் பதட்டம் மாதிரியே இருக்கும், அதனால ஒரே நாள்ல முத்திரை குத்த மாட்டேன்னு சொல்லிட்டாங்க.

தினமும் குடிக்குறவங்க வீட்டுலயே திடீர்னு நிறுத்த வேணாம்னு கண்டிப்பா சொன்னாங்க, மொத ரெண்டு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆள் குழம்பி இல்லாததெல்லாம் பாப்பாங்க, உயிருக்கே ஆபத்து. இங்க பெட் இல்ல, குடிய நிறுத்துறதுக்கு மட்டும் வேற ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தாங்க, பி1 வைட்டமின் ஊசியெல்லாம் அங்க தான் போட்டாங்க. பதட்டத்துக்கு உடனே கேக்குற அல்பிரசோலம் எழுதல, அதுவும் பழகிடுமாம். செர்ட்ரலின் குடுத்தாங்க, வேலை செய்ய சில வாரம் ஆகும்னு முன்னாடியே சொன்னதால பாதில நிறுத்தல.

அம்மா மெதுவா "குடிய நிறுத்த சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்க ஒரு மருந்து இருக்காமே டாக்டர்"னு கேட்டாங்க. அதுக்கு தான் மேடம் குரல் ஏறுச்சு. "டைசல்ஃபிரம் தானேம்மா, அது உள்ள இருக்குறது தெரியாம குடிச்சார்னா பிரஷர் எறங்கி உயிரே போகலாம், அவர் சம்மதிக்காம தரவே கூடாது." எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல கலக்குறாங்க, மெடிக்கல்காரர் கேள்வி கேக்காம குடுக்குறாரு.

நடுவுல சொந்தக்காரங்க கல்யாணத்துல அண்ணன் மறுபடி குடிச்சிட்டான். இங்க யாரும் திட்டல, அன்னைக்கு என்ன நடந்துச்சு, யாரு பக்கத்துல இருந்தாங்க, அதுக்கு முன்னாடி தூங்குனானான்னு கேட்டாங்க.

இன்சூரன்ஸ் பத்தி கேக்குறவங்களுக்கு, 2017 மனநல சட்டம் குடி போதையோட வர்ற மனநல பிரச்சனையையும் மனநோய்னு தான் சொல்லுது, உடம்பு நோய்க்கு தர்ற மாதிரியே கவர் பண்ணணும்னும் இருக்கு. ஆனா பாலிசி பேப்பர எடுத்து பாருங்க, குடி சிகிச்சை கிடையாதுன்னு பெரும்பாலும் தனியா ஒரு வரி இருக்கும். இது என்ன நியாயமோ!

ஒரு ஸ்டார் கொறைச்சதுக்கு காரணம், கவுன்சிலிங் ரூமுக்கு நடுவுல வெறும் பிளைவுட் தடுப்பு, உள்ள பேசுறது வெளிய சேர்ல உக்காந்துருக்குறவனுக்கு கேக்குது, அண்ணன் அதனாலயே பாதி விஷயம் சொல்ல மாட்டேங்குறான். டோக்கன் நேரமும் சும்மா பேருக்கு தான், 6 மணின்னா 8 ஆகும். ஃபீஸ் கட்ட முடியாதவங்க கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு போலாம், ராத்திரி திடீர்னு யார்கிட்டயாவது பேசணும்னா டெலி-மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன் 14416, ஃப்ரீ, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். வண்டிய மட்டும் வாசல்ல விடாதீங்க, எதிர்ல மாவு மில்காரர் சண்டைக்கு வர்றாரு.