மான் வேட்டைக்கு 243-ஆ, 308-ஆ?

வர்ஜீனியாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அங்கே மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறான். "மாமா, நீங்க பட்டாளத்துல இருந்தவங்கல்லா, எந்த ரைபிள் வாங்கட்டும்?" என்று கேட்டான். இங்கே முண்டந்துறைக் காடானாலும் அடிவாரத்து வயலானாலும், மானைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். அது பாயத்தான் வேண்டும். அங்கே சீசன் வைத்து அரசே அனுமதிக்கிறது. அப்படியானால் சுடப்படும் மான் துடிக்காமல் சாக வேண்டும். எனக்கு முக்கியம் அதுதான்.

223, 243, 308 எல்லாம் ரைபிள் தோட்டா வகைகள். அந்த எண் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. 223 வேண்டாம். வர்ஜீனியாவில் மானுக்கு 0.23 அங்குலத்துக்குக் குறைந்த காலிபர், அதாவது குழல் விட்டம், உள்ள ரைபிள் கூடாது. சில கவுண்டிகளில், அதாவது அங்குள்ள மாவட்டங்களில், ரைபிளுக்கே தடை உண்டு. முதலில் அதை விசாரிக்கணும்.

308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. பட்டாளத்தில் நாங்கள் தூக்கிய எஸ்.எல்.ஆர் ரைபிளின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு நெருங்கிய சொந்தம். 150 கிரெய்ன் குண்டு, அதாவது பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, நொடிக்குச் சுமார் 860 மீட்டரில் போகும். மான் சாய்வாக நின்றாலும் எலும்பை உடைத்து உள்ளே இறங்கும். தோட்டா எங்கேயும் கிடைக்கும். ஆனால் தோளில் நன்றாக உதைக்கும்.

243 அதே 308-இன் மருந்து அடைக்கும் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி 1955-இல் வந்தது. 100 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 900 மீட்டர். ஒரே எடையுள்ள ரைபிளில் உதை கிட்டத்தட்ட பாதிதான். குண்டு சிறிது என்பதால், மான் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து, முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சில் போட வேண்டும்.

உதைக்குப் பயந்தவன் சுடும் நொடியில் கண்ணை மூடி டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பான். குண்டு வயிற்றில் போகும், மான் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். புது ஆட்களிடம் ரேஞ்சிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். அங்குள்ள வெள்ளைவால் மான் நம் மிளா அளவு கிடையாது, ஏறக்குறைய புள்ளிமான் அளவுதான். அதற்கு 243 தாராளம். அதையே வாங்கச் சொன்னேன்.

30-06, 6.5 கிரீட்மூர் என்ற வேறு இரண்டு தோட்டா வகைகளும் நல்லவைதான். முன்னது 308-ஐவிடச் சற்றுக் கூடுதலாக உதைக்கும்; பின்னதன் சிறப்பு தொலைதூரத்தில்தான் தெரியும், மரம் அடர்ந்த காட்டில் அதற்கு வேலை குறைவு. பிறகு கரடிக்கும் போவேன் என்றால் மட்டும் 308 எடுக்கட்டும்.

எதை எடுத்தாலும் மூக்கில் ஈயம் தெரியும் வேட்டைக் குண்டே வேண்டும். பட்டாளத்துக் குண்டு முழுக்க உலோக உறை போட்டது. விரியாமல் ஊடுருவிப் போய்விடும்.