சமர்கந்தில் ‘திரும்பும் ரயில் எப்போது?’ என்று கேட்டால் உஷார்

வார இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்துக்குத் தனியாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தலைநகர் தாஷ்கண்டிலிருந்து அஃப்ரோசியாப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரெஜிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரசாக்களுக்கு நடுவே போய் நின்றதும் வந்த களைப்பே தெரியாது. நான் ஏமாற்றப்பட்டது ஷாரிசப்ஸ் போன காரில்.

சமர்கந்தைத் தலைநகராக்கி ஆண்ட பேரரசர் தைமூரின் சொந்த ஊர் அது. சமர்கந்துக்குத் தெற்கே 80, 90 கிலோமீட்டர் இருக்கும். நடுவில் தக்தகராச்சா கணவாய். ரெஜிஸ்தான் அருகே ஒரு சுற்றுலாக் கடையில் போக வர ஒரு சீட்டுக்கு 2.5 லட்சம் சோம் (உஸ்பெக் நாணயம்) என்றார்கள், கூட மூன்று பேர் வருவதாகவும் சொன்னார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதும்போது அந்தப் பையன் அன்பாக விசாரித்தான். தனியாகவா வந்தீர்கள்? திரும்பும் ரயில் எப்போது? ஞாயிறு மாலை என்றேன்.

சனிக்கிழமை காலை வந்த காரில் டிரைவர் மட்டும்தான். மற்றவர்கள் வழியில் ஏறுவார்கள் என்றார். யாரும் ஏறவில்லை. கணவாயில், குருட் என்னும் காய்ந்த தயிர் உருண்டை விற்கும் கடைகளைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டி, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: மூன்று பேர் வரவில்லை, அவர்கள் பணத்தையும் நீங்களே தர வேண்டும், இன்னும் 7.5 லட்சம். இல்லையென்றால் இறங்கிக்கொள்ளலாம். கடைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. 1405 பிப்ரவரியில் தைமூர் இறந்தபோது, ஷாரிசப்ஸில் அவர் தனக்கென்று கட்டிவைத்த கல்லறைக்கு உடலைக் கொண்டுபோக முடியாமல் மலைவழியைப் பனி அடைத்துவிட்டது என்பார்கள். அப்படிப்பட்ட மலையில் இறங்கி நின்று என்ன செய்வது? கொடுத்தேன்.

அரை நாள் என்று பேசியிருந்தது. அக்-சராய் அரண்மனையில் மிஞ்சியிருப்பது வாசலின் இரண்டு தூண்கள்தான், 38 மீட்டர் உயரம், நீல ஓடுகள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. அதை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் டிரைவர் கிளம்பச் சொல்லிவிட்டார். தைமூரின் பேரன் உலுக் பெக் கட்டிய கோக் கும்பஸ் மசூதியின் நீலக் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

திரும்பி வந்து கேட்டால், டிரைவர் எங்கள் ஆள் இல்லை என்றார்கள் கடையில். சுற்றுலாக் காவலர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார், கடைக்குக் கூடவே வந்தார். ஆனால் ரசீதில் தொகை மட்டும்தான் இருந்தது, சீட்டா முழுக் காரா என்று இல்லை. எழுதிக் கொடுங்கள், திங்கட்கிழமை விசாரிக்கலாம் என்றார். திங்கட்கிழமை நான் எங்கே இருப்பேன்? ஆள் தனி, திங்கட்கிழமை ஊரில் இருக்க மாட்டார் என்று தெரிந்துகொண்ட பிறகே இதைச் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரெஜிஸ்தானிலிருந்து நடக்கும் தூரத்தில், சூசங்கரான் தெருவிலிருந்து கித்தாப் என்ற ஊருக்கு ஷேர் டாக்ஸி போகிறது. ஷாரிசப்ஸ் அங்கிருந்து பக்கம்தான். உடன் வருகிறவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறலாம், போய் இறங்கியதும் பணம் கொடுக்கலாம். கடையில்தான் பதிவு செய்வேன் என்றால் ரசீதில் ‘ஒரு சீட், போக வர, இத்தனை மணி நேரம், கூடுதல் கட்டணம் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தைத் திரும்பி வந்தபின் தருவதாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க சமர்கந்த் வரும் பெற்றோரே, கார் பேசுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அங்கேயே இருப்பவர்களிடம் இந்த வேலையைக் காட்ட யோசிப்பார்கள்.

ரசீதும் கார் எண்ணும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டால் கடை எங்கே என்று தனியாகச் சொல்கிறேன்.